பழைய போர் ஜெட் விமானத்துக்குள் தளர்ந்து கிடக்கும் பொருட்களை எப்படித் தேடுகிறார்கள்?

2012-இல் இங்கிலாந்தில் வல்கன் குண்டுவீச்சு விமானம் ஒன்றின் இரண்டு எஞ்சின்கள், ஈரம் உறிஞ்சும் சிறு பைகளால் பாழாயின என்ற செய்தியைக் குறிப்பிட்டு, பழைய போர் ஜெட்களைப் புதுப்பிப்பவர்கள் இப்படிப்பட்ட பொருட்களை எப்படித் தேடுகிறார்கள், டார்ச் லைட்டும் வாக்குவம் கிளீனரும் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. இந்த வேலையில் கண்ணைவிடக் கணக்குக்குத்தான் பங்கு அதிகம். விமானத்துக்குள் என்னென்ன போயின, அவற்றில் என்னென்ன வெளியே வந்தன என்ற கணக்கு சரியாக இருந்தால், தேட வேண்டிய இடமும் பொருளும் தாமாகவே சுருங்கிவிடும். ஐம்பது அறுபது ஆண்டுகள் பலர் கைமாறி வந்த விமானத்தில் அந்தக் கணக்கின் முதல் பக்கங்கள் நம்மிடம் இல்லை. பழைய விமானத்தில் இந்த வேலை நீள்வதற்கு அதுதான் காரணம்.

நீங்கள் சொன்ன வல்கனையே முதலில் எடுத்துக்கொள்வோம். எக்ஸ்ஹெச் 558 என்ற எண்ணுடைய அந்த விமானம் 1960-இல் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்து, 1993-இல் ஓய்வு பெற்றது. பிறகு ஓர் அறக்கட்டளை அதைப் பல ஆண்டுகள் உழைத்துப் புதுப்பித்ததில், 2007 அக்டோபர் 18 அன்று மீண்டும் பறந்தது. உலகில் அப்போது பறக்கும் நிலையில் இருந்த ஒரே வல்கன் அதுதான். 2012 மே மாத இறுதியில் டான்காஸ்டர் விமான நிலையத்தில் பயிற்சிப் பறப்புக்காக ஓடுபாதையில் வேகமெடுக்கத் தொடங்கியபோது, இடப்பக்க எஞ்சின்கள் இரண்டும் சேதமடைந்தன. விமானம் தரையிலேயே பத்திரமாக நின்றது, ஒருவருக்கும் காயமில்லை. எஞ்சின்கள் மட்டும் திரும்பப் பயன்படுத்த முடியாத நிலைக்குப் போய்விட்டன. காற்று நுழையும் குழாயில் இருந்த சிலிக்கா ஜெல் பைகளை முதல் எஞ்சின் விழுங்கியதுதான் காரணம் என்று தெரிய வந்தது. வல்கனின் ஒவ்வொரு இறக்கையிலும் இரண்டு எஞ்சின்கள் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து ஒரே காற்றுவாயைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் முதல் எஞ்சினிலிருந்து சிதறிய துண்டுகள் இரண்டாவதையும் கெடுத்தன. அந்த ஒலிம்பஸ் எஞ்சின்கள் புதிதாகத் தயாராவது நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. சேமிப்பில் இருக்கும் சிலவற்றில் இரண்டு ஒரே நாளில் போவது எப்பேர்ப்பட்ட இழப்பு என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சம்பவத்தில் என் கவனத்தை இழுப்பது, அந்தப் பைகள் குப்பையே அல்ல என்பதுதான். சிலிக்கா ஜெல் வைப்பதன் நோக்கமே, நின்றிருக்கும் எஞ்சினை ஈரத்திலிருந்து காப்பது. அதாவது, வேலை தெரிந்தவர் நல்ல நோக்கத்தோடு உள்ளே வைக்கும் பொருள் அது. விமானத்துக்குள் கிடந்து ஆபத்து விளைவிக்கும் பொருட்களில் கணிசமானவை இப்படிப்பட்டவையே: எஞ்சின் வாய் மூடி, குழாய் அடைப்பான், பாதுகாப்பு ஊசி, கந்தல் துணி, ஸ்பேனர். இவற்றைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்கும் நிலைக்கு நாம் வந்துவிட்டோம் என்றாலே, அதற்கு முந்தைய படியில் கணக்கு தவறிவிட்டது என்று பொருள்.

ஒரு சிறு நட்டு என்ன செய்துவிடும் என்பது இயல்பான ஐயம். அது எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. எஞ்சினுக்குள் போனால், காற்றை உள்ளிழுத்து அழுத்தும் கம்ப்ரெசரின், மிக வேகமாகச் சுழலும் தகடுகளின் முன்விளிம்பில் அது ஒரு வெட்டை உண்டாக்கும். சில நேரம் தகடு அங்கேயே முறியும். சில நேரம் ஒன்றும் ஆகாததுபோல் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அந்தச் சிறு வெட்டில் தகைவு குவிந்து விரிசல் வளர்ந்து, பல மணி நேரப் பறப்புக்குப் பிறகு தகடு முறியும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் மோசம். ஏனென்றால் அதற்கும் அந்த நட்டுக்கும் உள்ள தொடர்பு அதற்குள் மறந்து போயிருக்கும்.

விமானி அறைத் தரைக்கு அடியில் விழுந்தால் கதை வேறு. அங்கேதான் கட்டுப்பாட்டுத் தண்டுகளும், அவற்றின் திசையை மாற்றும் நெம்புகோல்களும், கம்பிவடங்களும் ஓடுகின்றன. பழைய ஜெட்களில் விமானியின் கைப்பிடிக்கும் இறக்கைக்கும் இடையே பெரும்பாலும் நேரடி இயந்திர இணைப்புதான். நெம்புகோலுக்கும் சட்டத்துக்கும் இடையிலான விரற்கடை இடைவெளியில் ஒரு போல்ட் சிக்கினால், கைப்பிடி ஒரு பக்கம் போகும், திரும்ப வராது. மின்வழிக் கட்டுப்பாடு கொண்ட புதிய விமானங்களும் இதற்கு விலக்கல்ல. 2014 பிப்ரவரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் வாயேஜர் விமானம் ஒன்று திடீரெனத் தலைகுப்புறச் சரிந்து 4,400 அடி இறங்கியது. விமானி தன் அருகே வைத்திருந்த கேமரா, இருக்கையின் கைதாங்கிக்கும் பக்கவாட்டுக் கட்டுப்பாட்டுப் பிடிக்கும் இடையே மாட்டிக்கொண்டு, இருக்கையை முன்னால் நகர்த்தியபோது பிடியையும் முன்னால் தள்ளிவிட்டதுதான் காரணம்.

எல்லாவற்றிலும் நான் அதிகம் அஞ்சுவது, ஆபத்தில் விமானியை வெடிவிசையால் வெளியே வீசும் வெளியேற்று இருக்கையைச் சுற்றியுள்ள இடத்துக்குத்தான். 1987 அக்டோபரில் சோதனைப் பறப்பில் இருந்த ஹாரியர் ஜிஆர்5 போர் விமானம் ஒன்றில், விமானியின் பாராசூட் தானாக வெடித்து விரிந்து அவரை இருக்கையிலிருந்து வெளியே இழுத்தது. அவர் உயிரிழந்தார். ஆளில்லாத விமானம் தானே பறந்து சென்று, எரிபொருள் தீர்ந்தபின் அட்லாண்டிக் கடலில் விழுந்தது. இருக்கையைத் தாழ்த்தும்போது ஏதோ ஒரு தளர்ந்த பொருள் அதன் இயக்கத் தண்டில் மாட்டியிருக்கலாம் என்பதே வாய்ப்புள்ள காரணமாகக் கருதப்பட்டது.

எனவே தேடலின் முதல் படி, வெளியேற்று இருக்கையைத் தகுதியுள்ளவர்களைக் கொண்டு பாதுகாப்பாக்கி, வெடிபொதிகளை அகற்றி, இருக்கையையே வெளியே எடுப்பது. இருக்கை உள்ளே இருக்கும்வரை தரையின் பாதிக்கு மேல் கண்ணிலும் கையிலும் படாது. அதோடு வெடிபொருளுக்குப் பக்கத்தில் தலையைக் கீழே விட்டுத் துழாவுவது தற்கொலைக்குச் சமம். விமானி அறை மேல்மூடியிலும் வெடிபொருள் இருக்கக்கூடும் என்பதை ஆர்வத்தோடு வரும் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்து மீட்டர்களின் முட்களிலும் எண்களிலும் இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த பூச்சு பூசியிருப்பார்கள். வயதானால் அது உதிரும். ஆகவே கதிர்வீச்சு அளவியால் பார்க்காமல், முகக்கவசம் இல்லாமல், பழைய விமானி அறையின் தூசியைக் கிளறவே கூடாது. வீட்டு வாக்குவம் கிளீனரைக் கொண்டுபோய் வைத்தால், அது ரேடியத் தூளைப் பட்டறை முழுக்கப் பரப்பிவிடும். நுண்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உள்ள இயந்திரம் வேண்டும்.

அந்த இயந்திரத்தையும் அப்படியே பயன்படுத்துவதில்லை. உறிஞ்சு குழாயின் முனைக்குச் சற்றுப் பின்னால், பெண்கள் அணியும் மெல்லிய நைலான் காலுறையில் ஒரு துண்டை வெட்டிச் செருகிக் கட்டிவிடுவார்கள். தூசி அதைத் தாண்டிப் போய்விடும், பொருள் அதில் தங்கிவிடும். ஒரு பகுதி முடிந்ததும் காலுறையைக் கழற்றி வெள்ளைத் தட்டில் கொட்டி, அந்தத் தட்டில் பகுதியின் பெயரை எழுதி வைப்பார்கள். இடப்பக்கத் தரை, இருக்கைத் தண்டவாளத்தின் அடி, வலப்பக்கச் சுவிட்சுப் பெட்டியின் பின்புறம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தட்டு. கண்காட்சியில் பல ஆண்டுகள் நின்று, பார்வையாளர்கள் ஏறி அமர்ந்த விமானம் என்றால் சில்லறைக் காசு, சட்டைப் பொத்தான், மிட்டாய்த் தாள், பேனா மூடி எல்லாம் வரும். பறவைக் கூடு வந்தாலும் வியப்பில்லை. அவற்றை எடுத்து எறிந்துவிடலாம். உற்றுப் பார்க்க வேண்டியவை மற்றவை: எலி கடித்த வயர் உறை, நட்டு கழலாமல் முறுக்கிக் கட்டும் லாக்வயரில் அரை அங்குலத் துண்டு, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியின் வெட்டுப்பட்ட வால், வாஷர், நட்டைப் பூட்டும் இரட்டைக் கால் ஊசியான ஸ்ப்ளிட் பின்னின் ஒரு கால்.

ஸ்ப்ளிட் பின்னின் ஒரு கால் தட்டில் கிடந்தால் இரண்டு கேள்விகள் எழும். மற்றொரு கால் எங்கே? இந்த ஊசி எந்த நட்டைப் பூட்டியிருந்தது? எப்போதோ ஒரு மெக்கானிக் பின்னை மாற்றும்போது வெட்டி எறிந்த வாலாக இருக்கலாம். அல்லது இன்றும் கட்டுப்பாட்டுத் தண்டு ஒன்றின் முனையில், பூட்டு இல்லாத நட்டு மெல்லக் கழன்றுகொண்டிருக்கலாம். இரண்டில் எது என்பது, உதிரிபாக நூலை விரித்து, அந்த அளவுள்ள பின் எங்கெங்கே வருகிறது என்று பட்டியலிட்டு, ஒவ்வொரு இடத்தையும் போய்ப் பார்க்கும்வரை தெரியாது. அனுபவமில்லாத குழு பொருளைக் கண்டெடுத்ததும் மகிழ்ந்து தட்டைக் காலி செய்துவிடும். அனுபவமுள்ள குழுவுக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது. இப்படிக் கண்டெடுத்த விமானப் பாகம் ஒவ்வொன்றும் படமெடுக்கப்பட்டு, எண்ணிடப்பட்டு, எங்கிருந்து வந்தது என்ற விடை கிடைக்கும்வரை கோப்பில் திறந்தே இருக்க வேண்டும்.

கருவிகளைப் பற்றிச் சில வார்த்தைகள். காந்தத்தை நம்பாதீர்கள். விமானத்தில் கிடப்பவற்றில் பெரும்பகுதி அலுமினியம், பித்தளை, டைட்டானியம், துருப்பிடிக்காத எஃகு ஆகியவை. இவற்றைக் காந்தம் ஒன்று இழுக்காது, அல்லது மிக மெல்லவே இழுக்கும். காந்தத்தை விட்டுத் துழாவி ஒன்றும் ஒட்டவில்லை என்பதால் அந்த இடம் சுத்தம் என்று கையெழுத்திடுபவரிடம் நான் விமானத்தை ஒப்படைக்க மாட்டேன். அழுத்தக் காற்றை ஊதிச் சுத்தம் செய்வது அதைவிடக் கெடுதல். கையெட்டும் இடத்தில் இருந்ததைக் கையெட்டாத இடத்துக்குத் தள்ளுவதைத் தவிர அது வேறொன்றும் செய்வதில்லை. பல் மருத்துவர் கண்ணாடி போன்ற சிறு கண்ணாடி, இடுக்குக்குள் நுழைத்துப் பார்க்கும் வளையும் குழாய்க் கேமராவான போரோஸ்கோப், சாய்வாகப் பிடித்த டார்ச் ஆகியவை பயன் தரும். நேராக அடிக்கும் ஒளியில் தரையின் நிறமும் வாஷரின் நிறமும் ஒன்றாகிவிடும். தரையை ஒட்டிச் சாய்வாக ஒளி விழுந்தால் சிறு துகளுக்கும் நீண்ட நிழல் விழும்.

கண்ணுக்கு எட்டாததைக் காதும் கையும் கண்டுபிடிக்கும். கட்டுப்பாட்டு வழியைச் சோதிக்கும்போது ஒருவர் விமானி அறையில் கைப்பிடியை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மிக மெதுவாக நகர்த்துவார். இன்னொருவர் தரைத் தகடுகள் கழற்றப்பட்ட நிலையில், நெம்புகோலின் மேல் விரல் நுனியை வைத்துக்கொண்டு உடன் செல்வார். உராய்வு, சிறு தட்டல், ஓரிடத்தில் மட்டும் கூடும் கனம் எதுவானாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். விரலைக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். அதற்காகவே ஒருவர் குரல் கொடுக்காமல் மற்றவர் அசைப்பதில்லை என்ற ஒழுங்கு உண்டு. வேகமாக ஆட்டிப் பார்ப்பதில் பயனில்லை. தடையின் மேல் அது தாவிச் சென்றுவிடும்.

சிறிய ஜெட்களின் உடல்பகுதியைச் சில பட்டறைகளில் சுழலும் சட்டத்தில் பூட்டி, மெதுவாகத் தலைகீழாகத் திருப்பி, மென்சுத்தியலால் தட்டுவார்கள். ஆண்டுக்கணக்கில் சட்டங்களின் மடிப்புகளில் ஒளிந்திருந்தவை அப்போது சரசரவென்று இறங்கும். வானில் விமானம் தலைகீழாகும்போதோ, உள்ளே இருப்பவை மேலே எழும்படி சட்டென்று கீழே சரியும்போதோ நடக்கப் போவதைத் தரையிலேயே நடத்திப் பார்ப்பதுதான் இது. வல்கன் அளவுள்ள விமானத்தில் இதற்கு வழியில்லை. காணாமற்போனது இன்னதென்று தெரிந்து, மூடிய அறைக்குள் இருக்கக்கூடும் என்ற ஐயமும் வலுவாக இருந்தால், எக்ஸ்ரே எடுப்பதும் உண்டு. பட்டறையைக் காலி செய்து, கதிர்வீச்சுக்கான பாதுகாப்பு எல்லையிட்டுச் செய்ய வேண்டிய செலவுமிக்க வேலை அது. என்ன தேடுகிறோம் என்று தெரியாமல் விமானம் முழுவதையும் எக்ஸ்ரே எடுப்பது பணத்தைக் கரியாக்குவதே.

எஞ்சினின் காற்றுவழி தனிக் கதை. சோவியத் மிக்-15, அமெரிக்க டி-33 போன்ற முதல் தலைமுறை ஜெட்களில் காற்று நேராக எஞ்சின் முகத்தில் போய் மோதுவதில்லை. எஞ்சினைச் சூழ்ந்த ஓர் அறைக்குள் வந்து, அங்கிருந்து முன்னும் பின்னுமாக இரு பக்கமும் உறிஞ்சப்படுகிறது. ஆகவே அந்த அறையில் எந்த மூலையில் எது கிடந்தாலும் எஞ்சின் அதைத் தேடி எடுத்துக்கொள்ளும். முன்வாயிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வழி சுத்தமாக இருக்கிறது என்று சொல்வது இந்த விமானங்களில் பொருளற்றது. வால்பகுதியைப் பிரித்து எடுத்தால்தான் அந்த அறை முழுமையாகத் தெரியும். நீண்ட காற்றுக் குழாய் உள்ள விமானங்களில் குழாய்க்குள் ஒரு மனிதர் தவழ்ந்து போக வேண்டும். பையில்லாத உடுப்பு, கைக்கடிகாரமோ மோதிரமோ இல்லாத கை, நூலால் மணிக்கட்டில் கட்டிய டார்ச் என்று அவர் போவார். உள்ளே போகும்போது அவரிடம் என்னென்ன இருந்தன என்று வெளியே நிற்பவர் எழுதி வைத்து, வெளியே வந்ததும் சரிபார்ப்பார்.

இதுவரை சொன்னது பழைய கடன். புதுப்பிக்கும் வேலை தினமும் புதுக் கடனையும் சேர்த்துக்கொண்டே போகும். ஒரு பழைய ரிவெட்டைத் துளையிட்டு அகற்றினால் தலை வெளியே விழும், வால் உள்ளே விழும், சீவல் எங்கும் பறக்கும். எனவே துளையிடுவதற்கு முன்பே கீழே துணியோ பையோ கட்டி, பக்கத்துத் திறப்புகளை மூடியாக வேண்டும். லாக்வயரை முறுக்கி முடித்து வாலை வெட்டும்போது, வெட்டுபவரின் மற்றொரு கை அந்த வாலைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அது ஊசிபோல் தெறித்து எங்கோ போய்விடும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத இந்தப் பழக்கத்தை வைத்தே ஒருவர் எப்படிப்பட்ட பட்டறையில் தொழில் கற்றார் என்று சொல்லிவிடலாம்.

கருவிகளுக்கு, ஒவ்வொன்றின் வடிவமும் வரையப்பட்ட பலகை இருக்கும். ஒன்று இல்லையென்றால் வெற்று நிழல் கண்ணில் உறுத்தும். எடுத்தவர் தன் எண்ணிட்ட வில்லையை அந்த இடத்தில் மாட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கந்தல் துணியும் எண்ணித்தான் கொடுக்கப்படும். ஒரு துணியை இரண்டாகக் கிழிப்பது இங்கே சிறு குற்றமே. பட்டறைக்குச் சொந்தமான பெட்டி ஒழுங்காக இருந்தும், உதவிக்கு வரும் தன்னார்வலர் தன் சட்டைப்பையில் கொண்டுவரும் ஸ்க்ரூடிரைவர் கணக்கில் வராது. புதுப்பிப்புக் குழுக்களில் நான் கண்ட பெரிய ஓட்டை இதுதான். வசதிக்குக் குறைவில்லாத இடத்திலும் கணக்கு தவறும். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் லூக் விமானப்படைத் தளத்தில், பராமரிப்பு முடிந்து தரையில் ஓட்டிப் பார்த்த எஃப்-35 போர் விமானம் ஒன்றின் எஞ்சின், காற்றுவழியில் விடப்பட்ட கைவிளக்கை விழுங்கி, ஏறக்குறைய 40 லட்சம் டாலர் சேதத்துக்கு உள்ளானது. கருவிக் கணக்கெடுப்பு அங்கே இல்லாமல் இல்லை. முறையாகச் செய்யப்படவில்லை.

அடைப்பான்களுக்கும் உறைகளுக்கும் விதி எளிது. திறந்த குழாய்க்குள் கந்தலையோ ஒட்டும் நாடாவையோ திணிக்கக் கூடாது. அதற்கென்றே உள்ள, கண்ணைப் பறிக்கும் நிறமுள்ள மூடியைத்தான் போட வேண்டும். எஞ்சின் வாய்க்குள் வைக்கப்படும் எதுவும், ஈரம் உறிஞ்சும் பையானாலும், வெளியே தொங்கும் சிவப்பு நாடாவோடு கட்டப்பட்டு, எத்தனை வைக்கப்பட்டன என்ற எண்ணிக்கையோடு பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். எடுப்பவரும் எண்ணிக்கையை எழுதித்தான் கையெழுத்திட வேண்டும். ‘எடுக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதுவது போதாது. ஐந்து வைத்த இடத்தில் நான்கை எடுத்தவரும் நேர்மையாகவே ‘எடுக்கப்பட்டது’ என்று எழுதுவார்.

தேடியும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பது அடுத்து எழும் கேள்வி. காணாமற்போன பொருள் என்று பதிவேட்டில் சிவப்பில் ஏறிவிட்டால், அது கிடைக்கும்வரை, அல்லது விமானத்துக்குள் இல்லை என்று நியாயமாக நிறுவப்படும்வரை, விமானம் பறப்புக்கு விடுவிக்கப்படாது. ஒரு சிறு வாஷருக்காக ஏற்கெனவே மூடிய தகடுகளை மறுபடி திறந்து, வேலை பல நாள் நிற்பது நடக்கக்கூடியதே. பண நெருக்கடியும், கண்காட்சித் தேதியின் நெருக்கடியும், ‘அது கீழே எங்காவது விழுந்திருக்கும்’ என்ற ஆறுதலும் ஒன்றாகச் சேரும் நேரம் அதுதான். அப்போது முடிவெடுப்பவர், பொருளைத் தவறவிட்டவராகவோ நிகழ்ச்சிக்குப் பணம் திரட்டுபவராகவோ இருக்கக் கூடாது. தவறவிட்டதாகத் தானாக வந்து சொன்ன மெக்கானிக்கைத் திட்டும் பட்டறையில் அடுத்த முறை எவரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

ஒவ்வொரு பகுதியையும் மூடுவதற்கு முன், அங்கே வேலை செய்யாத இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திடுவார். கட்டுப்பாட்டு அமைப்புகளில் இரண்டாவது நபரின் தனிச் சோதனை பிரிட்டனில் கட்டாயம். அதன் பிறகும் தேடல் முடிந்துவிடுவதில்லை. எஞ்சினைத் தரையில் முதன்முறை ஓட்டியதும் கம்ப்ரெசர் தகடுகளை மறுபடி பார்ப்பார்கள். முதல் சில பறப்புகள் மென்மையானவையாக இருக்கும். ஒவ்வொன்றுக்குப் பிறகும் விமானி அறைத் தரையும் காற்றுவழியும் திரும்பப் பார்க்கப்படும். ஏனெனில் பறப்பின் அதிர்வு, பட்டறையில் அசையாததை அசைக்கும். சாகசப் பறப்புக்கு அனுமதி கேட்பது அதற்கு அப்புறம்தான். முதன்முறை தலைகீழாகப் பறந்து திரும்பும் விமானியிடம் பொறியாளர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் எஞ்சினைப் பற்றியதாக இருக்காது, மேல்மூடியில் வந்து விழுந்தது என்ன என்பதாகத்தான் இருக்கும். தூசி மட்டும்தான் என்றால் மகிழ்ச்சி. ஒரு வாஷர் என்றால், தட்டும் உதிரிபாக நூலும் மறுபடி மேசைக்கு வரும், இருக்கை மறுபடி வெளியே வரும்.